இலை கிடைக்காத சத்தங்கள்

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஆறு பேர் சேர்ந்தாற்போல வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள், கையில் இருப்பதோ இரண்டே இரண்டு இலை என்றால், நீங்கள் யாருக்குப் போடுவீர்கள்? வயதில் பெரியவருக்கா, பசித்து வந்தவருக்கா, இல்லை யார் தொண்டை பெரிதோ அவருக்கா? நான் தொண்டை பெரிதான இரண்டு பேருக்குப் போட்டேன். மிச்ச நாலு பேரும் எழுந்து போய்விட்டார்கள். போனவர்கள் சும்மா போகவில்லை, ஆளுக்கொரு வீடு பார்த்துக் குடியேறியும் விட்டார்கள்.

என் பெயர் பேச்சிக்கனி. இந்தத் தறிக்காரத் தெருவுக்கு வாழ வந்த பெண்களெல்லாம் கட்டில், பீரோ, கிரைண்டர் என்று சீர் கொண்டுவந்தபோது, நான் கொண்டுவந்தது ஒரு ட்ரம் செட். சுரண்டைப் பக்கம் ஒலிபெருக்கிக் கடை வைத்திருக்கிற என் அப்பா, "இவளுக்கு பீரோ வாங்கிக் குடுத்தா அது கதவுலயும் தாளந்தான் போடுவா, அதுக்கு நேரா தாளத்தையே குடுத்திருதேன்" என்று சொல்லிவிட்டார். பழத்தட்டு, பூத்தட்டு, பலகாரத்தட்டு எல்லாம் வரிசையாக வர, அதற்குப் பின்னால் இரண்டு ஆள் வேர்த்து விறுவிறுத்துப் பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு வர, தெருவே தறியை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் லிங்கதுரைக்கு ஒரு லோடு ஆட்டோ உண்டு, எலுமிச்சம்பழ மூட்டை ஏற்றுவார். கட்டில் இல்லையே என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாயை உதறிப் போட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு வைரமாலை மெல்லிசைக் குழுவில் எனக்கு இடம் கிடைத்தது. கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸில் சாமி பேருக்கும் பந்தல்காரர் பேருக்கும் நடுவில் 'டிரம்ஸ்: பேச்சிக்கனி' என்று அச்சாகும். அப்புறம் வடிவு பிறந்தாள். நான் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் குழுவின் முதலாளி சப்பாணிமுத்து அண்ணாச்சி, பாட்டரி போட்டால் தானாகத் தாளம் தட்டுகிற ஒரு பெட்டியை வாங்கிவிட்டார். அடுத்த கொடைக்கு நான் வருகிறேன் என்று போன் பண்ணினேன்.

"பிள்ளை பெத்த கை தளந்திருக்கும்மா," என்றார். "அதோட, நடுப்பாட்டுல பிள்ளை அழுதா நீ எந்திரிச்சுப் போயிருவ. பெட்டின்னா எந்திரிக்காது."

"பெட்டி சிரிக்கவும் செய்யாது அண்ணாச்சி. ஒரு தடவை என் கையைக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

"சரி, வீட்டுல வச்சே ஒரு பாட்டுக்கு அடிச்சுப் பதிஞ்சு அனுப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டீஸ் அச்சுக்குப் போவுது. அதுல உன் பேரா, பெட்டியான்னு கேட்டுட்டு முடிவு பண்ணுதேன்."

எங்கள் தெருவில் ட்ரம்ஸ் பதிவதென்பது ஆற்றுக்குள் நின்றுகொண்டு கண்ணீரைத் தேடுவது மாதிரி. விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் தறி ஓடும். இங்கே பிள்ளைகள் அம்மா என்பதற்கு முன்னால் 'கடக்கடக்' என்றுதான் சொல்லும், ஆடுகூட அந்தக் கணக்கில்தான் அசைபோடும். நல்லவேளையாக அந்த வாரம் புதன்கிழமை பராமரிப்புக்காக மின்தடை வந்தது. தறி நின்றது, தெரு காது குடைந்த மாதிரி ஆனது. லோடு ஆட்டோவிலிருந்து என் வீட்டுக்காரர் பாட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்தார். அப்பா கடையிலிருந்து இரண்டு மைக் வந்திருந்தது. ஒன்று ஊர்ப்பட்ட தேர்தல் கூட்டத்தில் பேசித் தலை நசுங்கிப் போனது, மற்றொன்று கோயில் குலவைச் சத்தம் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் கூச்ச சுபாவமானது.

ட்ரம் செட் பார்வைக்குத்தான் ஒரு சாமான், உள்ளே அது ஒரு கூட்டுக் குடும்பம். காலால் மிதிக்கிற பெரிய டிரம் 'தும்' என்னும். மடிக்கு நேராக இருக்கிற ஸ்நேர் 'படார்' என்னும். ஒன்றின் மேல் ஒன்று கவிழ்ந்த இரட்டைத் தட்டு 'திஸ் திஸ்' என்று புறம் பேசும். தனித்தட்டு 'ஜங்ங்' என்று சண்டைக்கு நிற்கும். சின்ன டாம் 'டும்', தரையில் காலூன்றி நிற்கிற பெரிய டாம் 'டம்'. இருக்கிற இரண்டு மைக்கில் ஒன்றைப் பெரிய டிரம்முக்கு முன்னாலும் இன்னொன்றை ஸ்நேரின் முகத்துக்கு நேராகவும் வைத்தேன். அந்த இரண்டும்தானே பாட்டைத் தாங்குகிறது, மற்றவர்கள் வந்து ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். வடிவு பாயில் கிடந்து கையை வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டி முழுப் பாட்டையும் அடித்து முடித்தேன்.

திருப்பிப் போட்டுக் கேட்டால் 'தும்', 'படார்'. அவ்வளவுதான். மற்ற நாலும் மெலிதாகக்கூட, தூரத்தில்கூட இல்லை, துடைத்தெடுத்த மாதிரி இருந்தது.

"ஒயர் கழண்டிருக்கும்," என்றார் இவர்.

குச்சியை எடுத்து இரட்டைத் தட்டை ஒரு தட்டுத் தட்டினேன். சத்தம் வரவில்லை. தனித்தட்டை ஓங்கி அடித்தேன், மெத்தையில் அடித்த மாதிரி இருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டிலிருந்து செண்பகவல்லி அக்கா எட்டிப் பார்த்து, "கனி, உன் சாமான் ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்திருக்கு போல, என் மிஷினைக் கொஞ்சம் வந்து பாரேன்" என்றாள்.

போய்ப் பார்த்தால் அவளது தையல் மிஷினை மிதிக்க மிதிக்க 'திஸ் திஸ் திஸ்'. அதுவரை மூன்று தையலுக்கு ஒரு தையல் விட்டுப்போகிற மிஷின் அது. பள்ளிக்கூடச் சீருடைக்குக் கால் மடிப்பு அடித்தாளென்றால் பையன்கள் நடக்கையில் மடிப்பு அவிழ்ந்து அவர்களுக்குப் பின்னால் நடந்து வரும். இப்போது தாளம் பிசகாமல் மிதிக்க வேண்டியிருந்ததால் தையல் நூல் பிடித்த மாதிரி ஓடியது, அக்கா சும்மா இருக்கிற துணிக்கெல்லாம் மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

தனித்தட்டு கோமு மதினி வீட்டுத் தட்டு ஸ்டாண்டில் போய் இறங்கியிருந்தது. கோமு மதினி என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகள், தெருக்குழாயில் அவள் பேச்சுக்கு ஏற்கெனவே எதிர்ப்பேச்சு கிடையாது. இப்போது அவள் ஒரு குத்தல் வார்த்தை சொல்லி முடித்ததும் ஸ்டாண்டிலிருந்து 'ஜங்ங்' என்று முத்திரை விழுந்தது. மறுநாள் காலையில் அவள் குழாய்க்கு வரும்போது குடத்தோடு ஒரு தட்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுக்கார அண்ணன் அன்றைக்கு அவள் வைத்த உப்பில்லாத குழம்பை நல்லா இருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டாராம்.

பெரிய டாம் போன இடம்தான் யாரும் நினைக்காத இடம். கொம்பையா மாமா என்று ஒருவர், தெருக்கோடியில் தறி ஓட்டுகிறவர். தன் வீட்டுக்குள் நுழைவதற்கே செருமிக்கொண்டு உத்தரவு கேட்கிற மனுஷன். பந்தியில் அவருக்கு மட்டும் ரசம் வராது, மினிபஸ் அவர் கை காட்டக் காட்டப் போய்விடும், அவர் சொன்ன யோசனையை வேறு யாராவது சொன்ன பிறகுதான் ஊர் கேட்கும். அவருடைய காலடியில் போய் உட்கார்ந்துவிட்டது பெரிய டாம். ஒரு எட்டு வைத்தால் 'டம்', இன்னொரு எட்டு வைத்தால் 'டம்'. அவர் வீட்டு அத்தை அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, "யாரு, பெரியாள் யாரோ வாரது மாதிரி இருக்கே" என்று பார்த்து, இவர்தான் என்று தெரிந்த பிறகும் என்னவோ சூடான சோற்றையே எடுத்து வைத்தாளாம். மினிபஸ்காரர் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். மாமா ஏறினார், படியில் 'டம்'. இருந்தவர்கள் இடம் விட்டார்கள்.

சின்ன டாம் மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. வடிவுக்குப் பால் கொடுத்துவிட்டு ஏப்பம் விடட்டும் என்று தோளில் போட்டு முதுகில் தட்டினேன், 'டும்' என்றது. மறுபடி தட்டினேன், 'டும்'. நான் சாவி போட்டு எத்தனை முறுக்கு முறுக்கியும் அந்தச் சின்ன டாமுக்கு வராத சுருதி பிள்ளை முதுகில் வந்து உட்கார்ந்திருந்தது. மனசு கேட்காமல் அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டீச்சர் எடை போட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, இன்னொரு தடவை ஆசைக்குத் தட்டிப் பார்த்து, "எடை சரியா இருக்கு, சிரிக்கா, பிறகென்ன" என்று அனுப்பிவிட்டார்கள்.

இதைக் கேட்டுத் தெருவில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாய்மாமன் மாலையை முதலில் போடவில்லை என்று காதுகுத்து வீட்டிலிருந்து வெளியேறிப் பத்து வருஷம் பேசாமலிருந்தவர்களைப் பார்த்த தெரு இது. குழாயடியில் கோமு மதினி தீர்ப்புச் சொன்னாள்:

"பந்திக்கு வாங்கன்னு உக்கார வச்சுட்டு ரெண்டு பேருக்கு மட்டும் இலை போட்டா, மானம் ரோஷம் உள்ளவன் எவன் இருப்பான்? உன் மேலதான் தப்பு கனி." இடுப்பிலிருந்து 'ஜங்ங்'.

"சரி மதினி, இப்ப என்ன செய்ய?"

"கோவிச்சிட்டுப் போன சொந்தத்தை என்ன செய்வோம்? வெத்திலை பாக்கு வச்சு, வீடு தேடிப் போயி அழைக்கணும். தெருவுல பாத்து வாய்ப்பேச்சா சொன்னா அது அழைப்பு ஆகாது. புருஷன் பொண்டாட்டி சேந்து போகணும்."

வியாழக்கிழமை மத்தியானம் குளித்து, பட்டுச்சேலை கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம். வடிவு என் இடுப்பில். செண்பகவல்லி அக்கா வீட்டில் தையல் மிஷினுக்கு முன்னால் போய் நின்றதும் இவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"இதை என்ன முறை சொல்லிக் கூப்பிட?" என்று என் காதில் கேட்டார்.

"எங்க வீட்டுச் சீர்ல வந்ததுல்லா. உங்களுக்கு மச்சினன் முறை."

இவர் வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு, குனிந்து, மிஷின் சக்கரத்துக்குக் குங்குமம் வைத்து, "மச்சான், நடந்ததை மனசுல வச்சுக்கிடாதிய. நாளைக்கு வெள்ளிக்கிழமை காலையில நம்ம வீட்டுக்கு வந்திரணும், உங்க தங்கச்சி ஆசைப்படுதா" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் என் சொந்த அண்ணனை இவ்வளவு பதவிசாகக் கூப்பிட்டதில்லை. மிஷின் மிதிக்காமலே ஒரு தடவை 'திஸ்' என்றது.

"போகட்டும், திரும்ப அனுப்பி வச்சிரு," என்றாள் அக்கா. "சீருடை இன்னும் பாதி கெடக்கு."

கோமு மதினி வீட்டில் தட்டு ஸ்டாண்டுக்கு வைத்த மரியாதையை மதினி தனக்கு வைத்ததாகவே எடுத்துக்கொண்டாள், ஒரு குறையும் சொல்லவில்லை. வடிவுக்கு நாங்கள் வீட்டிலேயே வைத்துத் தாம்பாளத்தை நீட்டினோம். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்காருவது வழக்கம், இங்கே பிள்ளைக்குள் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். அவள் வெற்றிலையை வாங்கினாள், வாயில் வைத்தாள், முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டாள். அவர் வர மாட்டார் என்று புரிந்துகொண்டோம்.

கொம்பையா மாமா வெற்றிலையைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கனி," என்றார், "இது போயிட்டா நான் வாரது யாருக்குத் தெரியும்?"

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

"ஒரு பாட்டு நேரந்தான் மாமா," என்றேன். "அது முடிஞ்சு எங்க போகணும்னு அவருக்கே தெரியும். நான் பிடிச்சு வைக்க மாட்டேன். எனக்கு நோட்டீஸ்ல பேரு வரணும் மாமா. நான் இருக்கேன்னு எனக்கும் யாருக்காவது தெரியணும்லா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேறெதையோ கேட்டார். "நாளைக்குக் கரண்டு இருக்குமே. தறி ஓடுமே."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. சத்தங்களை அழைக்கிற அவசரத்தில் சத்தமில்லாத ஒரு பொழுதை யாரிடமும் கேட்டு வைக்கவில்லை. மாமா வெற்றிலையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போலத் தறி ஓடியது. செண்பகவல்லி அக்கா கழுத்தில் அளவு நாடாவும், நாடா முனையில் 'திஸ் திஸ்'ஸுமாக வந்தாள். கோமு மதினி ஒரு தட்டைப் பட்டுத்துணி போட்டு மூடிச் சீர் கொண்டுவருகிற மாதிரிக் கொண்டுவந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து குச்சியைப் பிடித்தபடி 'கடக்கடக்' கேட்டுக்கொண்டிருந்தேன், இந்த இரைச்சலில் பதிந்தால் அண்ணாச்சி என் கையைக் கேட்பாரா, எங்கள் தெருவைக் கேட்பாரா? அப்போது தெருக்கோடியில் 'டம்' என்றது.

வாசலுக்கு ஓடினேன். கொம்பையா மாமா வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தெருவின் நடுவில் நடந்து வந்துகொண்டிருந்தார். டம். முதல் தறிக்கூடத்து வாசலில் போய் நின்றார். உள்ளே இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"செத்த நேரம் நிறுத்துங்கப்பா," என்றார். "நம்ம பிள்ளை அடிக்கப் போவுது."

அவர் வாயிலிருந்து அந்தத் தெரு கேட்ட முதல் உத்தரவு அதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கூடம் நின்றது. டம், டம் என்று அடுத்த கூடத்துக்குப் போனார், அதுவும் நின்றது. சில இடத்தில் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை, காலடி வாசலில் விழுந்ததும் உள்ளே சுவிட்சை அணைத்தார்கள். மழை விடுகிறபோது தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விட்டுக்கொண்டே வருமே, அந்த மாதிரி அவர் நடக்க நடக்க அவருக்குப் பின்னால் தறிகள் ஓய்ந்துகொண்டே வந்தன. கடைசித் தறியும் ஓய்ந்தபோது தகரக் கூரையில் காக்கா நடக்கிற சத்தம் கேட்டது.

எங்கள் வீட்டு வாசலில் வந்து மாமா செருப்பைக் கழற்றினார். செருப்போடு அதையும் கழற்றிவிட்டார். உள்ளே நடந்து வந்தபோது பூனை நடக்கிற அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை. சுவர் ஓரமாகப் போய், யாருக்கும் மறைக்காமல், பழையபடி உட்கார்ந்துகொண்டார். நான் பெரிய டாமைத் தொட்டேன், 'டம்' என்றது.

"இப்பவும் முன்னாடி இருக்கிற ரெண்டு பேருக்குத்தான் இலை போடுவியோ?" என்றாள் கோமு மதினி.

நான் ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். இருப்பது இரண்டு இலைதான் என்றால் அதை யார் முன்னாலும் போடக்கூடாது, எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் பொதுவாக விரிக்க வேண்டும். ஒரு மைக்கை விட்டத்திலிருந்து என் தலைக்கு மேலே தொங்கவிட்டேன், மற்றதை என் வலது தோளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஸ்நேரின் நடுவிலிருந்து இரண்டு மைக்குக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும், ஒன்றுக்கு நாலு விரல் கூடினாலும் சத்தம் இரண்டு பட்டுக் குடும்பச் சண்டை ஆகிவிடும். மாமா மடியிலிருந்து தறியில் ஓட்டுகிற பாவு நூலில் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். செண்பகவல்லி அக்கா ஒரு நுனியை ஸ்நேரில் அழுத்திப் பிடிக்க, இவர் மறுநுனியை மேலே தூக்கி அளந்து, அதே நூலைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து மைக்கை நகர்த்தி வைத்தார். பெரிய டிரம் மட்டும் முதல் இலை பறிபோன வருத்தத்தில் கொஞ்சம் முனகியது, வயிற்றுக்குள் ஒரு தலையணையை வைத்தோம், அடங்கியது.

சின்ன டாமுக்குத்தான் வழி இல்லை. வடிவை மடியில் உட்கார வைத்து முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். பாட்டு தொடங்கியது. வலது கை தட்டுக்கும் டாமுக்கும் போக, கால் பெரிய டிரம்மை மிதிக்க, அந்த மிதியில் பிள்ளை குதிரை ஏறின மாதிரி குலுங்க, சின்ன டாம் வருகிற இடமெல்லாம் இடது கைக் குச்சியை வாயில் கவ்விக்கொண்டு அவள் முதுகில் மெல்லத் தட்டினேன். டும். அடிக்கிற கைக்கும் தட்டிக் கொடுக்கிற கைக்கும் கணக்கு ஒன்றுதான், பிள்ளை பெற்ற பிறகு ராத்திரியும் பகலும் நான் பழகிய பழக்கம் அதுதானே. வாசலில் தறிக்காரர்கள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தும்மலை அடக்கிக் கண்ணில் நீர் விட்டார்.

முடித்ததும் திருப்பிப் போட்டோம். தும், படார், திஸ், ஜங்ங், டும், டம். ஆறு பேரும் ஒரே பந்தியில் இருந்தார்கள். அப்படியே போனில் அண்ணாச்சிக்கு அனுப்பி வைத்தேன். செண்பகவல்லி அக்கா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கோமு மதினி தட்டை மூடிக்கொண்டு, அவரவர் விருந்தாளியை அவரவர் அழைத்துப் போனார்கள். மாமா மட்டும் வாசலில் செருப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ஒரு காலை நுழைத்தார். இன்னொரு காலையும் நுழைத்தார். ஒரு எட்டு வைத்தார்.

டம்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் தாண்டத் தாண்டத் தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

சாயங்காலம் வடிவுக்குக் கண் சொருகுகிற நேரத்தில் போன் அடித்தது.

"பேச்சிக்கனி, இது முழுசும் உன் கைதானா?" சப்பாணிமுத்து அண்ணாச்சி குரலுக்குப் பின்னால் அச்சு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என் கைதான் அண்ணாச்சி."

"தளரலை."

"தளரலை."

"அந்தச் சின்ன டாம் இருக்குல்லா, அது எங்க வாங்கினது? நம்ம பெட்டிக்குள்ள எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பாத்துட்டேன், அப்படி ஒரு சத்தம் அதுல இல்லை."

"அது வாங்கினது இல்லை அண்ணாச்சி. வீட்டுலயே பெத்தது."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ, "பெட்டியை எடுத்துட்டுப் பேரைப் போடு, பேச்சிக்கனி, க் வருமான்னு பாத்துப் போடு" என்று சொல்வது கேட்டது. மறுபடி என்னிடம் வந்தார். "கொடைக்கு அதையும் கூட்டிட்டு வந்திரு. மேடை போடுதவரும் இங்கதான் நிக்காரு, உனக்கு எதும் வேணும்னா இப்பவே சொல்லு."

நான் வடிவை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. நான் உக்காருத இடத்துக்குப் பக்கத்துல, கை எட்டுத தூரத்துல, குறுக்க ஒரு கம்பு மட்டும் நல்லா உறுதியா கட்டச் சொல்லுங்க. தூளி போடணும்."